கேமராவில் அண்ணன்

அந்தக் கார் நிறுத்தத்தை அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் நடத்திவந்தார்கள். கேமரா மாட்டினால் பிரீமியம் குறையும் என்று இன்சூரன்ஸ் அதிகாரி சொன்னதும், தம்பி அண்ணனை ஒரு வார்த்தை கேட்காமல் ஆளைக் கூட்டிவந்து மாட்டிவிட்டான்.

"ஒரு வண்டியிலயும் கீறல் விழாம பாத்துக்கிட்டேன். என் கண்ணு பத்தலையாடா?" என்றார் அண்ணன்.

"அவங்களுக்கு வேண்டியது பதிவுண்ணே. உன் கண்ணை வச்சு என்ன பண்றது?"

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டான். அண்ணன் கழுத்து விசிலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போனார். பிறகு அவர் இறந்த அன்று, சாவு வீட்டில்தான் தம்பி அவர் முகத்தைப் பார்த்தான்.

பாலிசியைப் புதுப்பிக்க வந்த அதிகாரி, பதிவுகளை ஓட்டிப் பார்த்துத் தலையாட்டினார். "திருட்டு நின்னுடுச்சு, சரி. ஒரு வண்டிகூட இடிக்கலையே! தூண்கிட்ட நின்னு ரிவர்ஸ் பாத்துச் சொல்றாரே, அந்தப் பெரியவர் பலே ஆளு."

தம்பி திரையைப் பார்த்தான். நேற்றைய பதிவு. அண்ணனேதான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு காரைப் பின்னால் வரச்சொல்லிக் கையசைத்தார்.

அதிகாரி போனதும் மனைவியைத் திரைமுன் உட்காரவைத்துவிட்டுத் தூணருகே ஓடினான். அங்கே யாரும் இல்லை. "அப்படிப் பேசியிருக்கக் கூடாதுண்ணே" என்றான்.

போனில் மனைவி கிசுகிசுத்தாள். "உங்க பக்கத்துலதாங்க நிக்கிறாரு."

"என்னைப் பாக்குறாரா?"

"இல்லீங்க. உங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, கேமராவையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு."