இதே மாதிரி இன்னொண்ணு

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதன் நினைவையெல்லாம் ஒற்றை ரேம்தான் தாங்கிக்கொண்டிருந்தது. முகூர்த்த மாதம் வந்தால் திணறிப்போகும்.

ஒரு நாள் கடைக்காரி செண்பகவல்லி புது ரேம் ஒன்றை வாங்கி வந்து, மதர்போர்டில் பழசுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் வைத்து அழுத்தினாள்.

"நகருங்க பெரியவரே, உங்களைவிட நான் ரெண்டு மடங்கு வேகம்" என்றது புதுசு. ஆனால் உள்ளே இறங்கவில்லை. "இன்னும் நல்லா அழுத்தட்டும்!" என்று கத்தியது.

"ஐயோ! உன் அடியில இருக்கிற வெட்டு எனக்குப் பொருந்தாம வேற இடத்துல இருக்கு. அழுத்தினா நான் உடைஞ்சிடுவேன்!" என்று அலறியது மதர்போர்டு.

செண்பகவல்லி நல்லவேளையாகக் கையை எடுத்தாள். பிறகு பழசையும் கழற்றி, இரண்டையும் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

'அவ்வளவுதான், நம்மைத் தூக்கிப் போடப் போறாங்க' என்று வழியெல்லாம் நடுங்கியது பழசு.

கம்ப்யூட்டர் கடையில் அவள் புதுசைத் திருப்பிக் கொடுத்தாள். பழசை மட்டும் மேசைமேல் பதமாக வைத்தாள்.

"அண்ணே, இது நல்லா உழைக்குது. இதே மாதிரி இன்னொண்ணு குடுங்க."

பழசுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

சாயங்காலம் இரண்டு ரேமும் அருகருகே உட்கார்ந்தன. கம்ப்யூட்டர் சிணுங்காமல் ஓடியது.

"போனவர் திரும்பி வந்துட்டீங்களே! என்ன ஆச்சு?" என்றது மதர்போர்டு.

பழசு தொண்டையைச் செருமிக்கொண்டது.

"தம்பியைத் தேர்ந்தெடுக்கணும்னு என்னைக் கூட்டிட்டுப் போனாங்க."