கிளட்ச் இல்லாத லாரி

"இந்தப் பெட்டியை இறக்கிப் போட்டுட்டு நம்ம நாட்டு கியர் பாக்ஸ் ஒண்ணை ஏத்தி, கிளட்ச் வெச்சுத் தாறேன் மொதலாளி," என்றார் மெக்கானிக் பொன்னுதாஸ், மூன்றாவது தடவையாக.

"கிளட்ச் வேண்டாம்," என்றார் சதாசிவன், அவரும் மூன்றாவது தடவையாக.

பாறசாலை ரோட்டோர ஒர்க்‌ஷாப்பில் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிய வழக்கு இது.

வண்டி ஒரு பழைய அமெரிக்க லாரி. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் கப்பலில் கொண்டுவந்தது. சதாசிவன் போன மாதம்தான் ஏலத்தில் எடுத்தார். ஆட்டோமேட்டிக் கியர், இடது காலுக்கு வேலையே இல்லை. இந்தத் தாலுகாவிலேயே இப்படி ஒன்று வேறு யாரிடமும் கிடையாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்போது லிவரை நியூட்ரலில் போட்டால் லாரி பின்னால் நகர்கிறது. நேற்று அதியன்னூரில் அப்படி நகர்ந்து ஒரு டீக்கடை பெஞ்சைச் சாய்த்துவிட்டது. நாளை காலை பக்கத்து ஊரான காரோட்டுக்குச் செங்கல் லோடு போயே ஆக வேண்டும்.

குவைத்தில் நாலு வருஷம் ஸ்பானர் பிடித்த பாவத்துக்கு, இந்தத் தலைவலி பொன்னுதாஸிடம் வந்து சேர்ந்தது.

"எந்த ரகம்ணு தெரியாம கை வைக்க முடியாது மொதலாளி. ஒவ்வொண்ணுக்கும் கியர் வரிசை வேற."

"பேரு எழுதின தகடு இருக்குமே?"

"உண்டு. அது மேல எவனோ பச்சை பெயின்ட் அடிச்சிருக்கான். சுரண்டினா எழுத்தும் சேர்ந்து வருது. லிவர் பக்கத்துல இருந்த எழுத்தும் தேஞ்சு போச்சு."

இனி ஒரே வழி, அடியில் இருக்கும் எண்ணெய்த் தட்டின் வடிவத்தைப் பார்த்து போல்ட்டுகளை எண்ணுவதுதான். பொன்னுதாஸ் குவைத்தில் குறிப்பெழுதி வைத்த நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு லாரிக்கு அடியில் நுழைந்தார். எண்ணினார். பதிமூன்று. நோட்டில் அந்த வடிவத்துக்குப் பதினாலு. மறுபடி எண்ணினார். பதிமூன்றுதான்.

"நான் ஒருக்கா எண்ணட்டா?" என்று குனிந்தார் சதாசிவன்.

"எனக்கு எண்ணத் தெரியாதுண்ணாக்கும் நினைப்பு?"

அரை மணி நேரம் கழித்து, காய்ந்த செம்மண் கட்டி ஒன்று பெயர்ந்து நேராகப் பொன்னுதாஸின் கண்ணில் விழுந்தது. அது ஒட்டியிருந்த இடத்தில் பதினாலாவது போல்ட் இருந்தது.

கண்ணைக் கழுவிக்கொண்டு வந்தவருக்குப் பொறுமை போய்விட்டது.

"உள்ளதைச் சொன்னா கோவப்படாதீங்க மொதலாளி. ரகம் தெரிஞ்சாச்சு. அடியில பார்த்தேன், பெட்டிக்கு ஒண்ணும் இல்ல. லிவரையும் பெட்டியையும் சேர்க்குற கம்பியில உள்ள ரப்பர் வளையம், அந்த புஷ், தேஞ்சு போச்சு. அதான் மேல ஒண்ணு காட்டுது, கீழ வேறொண்ணு விழுது. இன்னைக்கு நான் சரியாக்கித் தருவேன். ஆறு மாசத்துல மறுபடி தேயும். சாமானம் இங்க கிடைக்காது. கிளட்ச் வெச்சா ஆயுசுக்கும் தொல்லை இல்ல."

"தேஞ்சா மறுபடி கொண்டு வாறேன்."

"ஒரு கிளட்சைக் காலால சவுட்ட இவ்வளவு சோம்பலா? இது பவுசு இல்லாம வேற என்ன?"

"பவுசுண்ணே வெச்சுக்கும் ஆசானே."

பொன்னுதாஸ் டயர் ரப்பரை வெட்டி புஷ் செய்தார். சக்கரத்துக்குக் கல் வைத்தார். மேலே லிவரை நியூட்ரலில் கட்டிப் போட்டுவிட்டு, கீழே கம்பியின் நட்டைத் தளர்த்தி, பெட்டியின் கை நியூட்ரல் பள்ளத்தில் டக்கென்று விழும்வரை தள்ளித் தள்ளிப் பார்த்தார். விழுந்தது. நட்டை இறுக்கினால் கம்பி நகர்ந்துவிட்டது. முதலிலிருந்து தொடங்கினார். இப்படி நாலு தடவை. நாலு தடவையும் சதாசிவனை மனதுக்குள் திட்டினார், ஐந்தாவது தடவை வாய்விட்டே திட்டினார். சதாசிவன் காதில் வாங்காதவர் மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலரை மணிக்கு லாரி சொன்னபடி கேட்டது. நியூட்ரல் என்றால் நின்றது.

அப்போது பஸ்ஸை விட்டு இறங்கி ஒருவர் இடது காலை இழுத்து இழுத்து வந்தார். சதாசிவனின் டிரைவர் ஞானையன். கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். பிறகு, அசையாத அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

பொன்னுதாஸ் கையில் ஸ்பானரோடு அப்படியே நின்றார்.

"நாட்டு கியர் பாக்ஸ் வைக்கச் சொன்னீரா ஆசானே?" என்று சிரித்தார் ஞானையன். "இவரு கேட்பாரா? கிளட்ச் இல்லாத வண்டிண்ணு ஊருக்குக் காட்டணும்லா! லோடு இறக்கும்போது தடிமரம் மேல உருண்டு கால் போனப்ப, இனி வண்டி ஓட்ட முடியாதுண்ணுதான் நினைச்சேன். இவருக்க பவுசு, எனக்க நல்ல காலம்."

லாரி முன்னால் நகர்ந்து ரோட்டில் ஏறிப் போனது.

"இதைக் காலையிலயே சொல்லப்படாதா மொதலாளி? நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேனே!"

"சொன்னா அவனுக்க காதுக்குப் போயிரும். அவனுக்க குடும்பத்தை எனக்குத் தெரியும் ஆசானே. எங்க நிலத்துல அவங்க குடிசை கட்டிக் குடிகிடந்த பத்து சென்டை எங்கப்பா இனாமா எழுதித் தாறேன்னாரு. வாங்கமாட்டேன்னுட்டாங்க. குடியிருக்கிறவங்களுக்கே நிலம்ணு சட்டம் வந்த பிறகு, உரிமைண்ணு கேட்டு வாங்கினாங்க. அவனுக்காகத்தான் இந்த லாரியை ஏலம் எடுத்தேன்ணு தெரிஞ்சா, அன்னைக்கே சாவியைத் தந்துட்டு இறங்கிப் போயிருவான்."

பொன்னுதாஸுக்குக் காலையிலிருந்து சதாசிவன் மேல் இருந்த எரிச்சலெல்லாம் இப்போது தன் வாய் மேலேயே திரும்பியது.

"ஒரு உபகாரம் மட்டும் செய்யும்," என்றார் சதாசிவன். "நாளைக்கு டீக்கடையில எனக்க பவுசைப் பத்தி நல்லா சத்தமாப் பேசும்."