ஒரே ஒரு விண்ணப்பம்

ஐந்து மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கையில், பேராசிரியர் அம்மா மூன்றாம் முறையாக என் கவுண்டருக்கு வந்தார்.

"ஏதாவது வந்துச்சா சார்?"

உதட்டைப் பிதுக்கினேன். காலடியில் இடறிய சாப்பாட்டுப் பையை மேசைக்கு அடியில் தள்ளினேன்.

சேர்க்கைப் பிரிவில் இருபத்தாறு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். கணினிப் படிப்புக்கு வந்த விண்ணப்பங்கள் மேசை கொள்ளாமல் கிடந்தன. பாசிகளைப் பற்றி அந்த அம்மா நடத்தும் படிப்புக்கு அங்கே ஒன்றுகூட இல்லை.

இன்றைக்குள் ஒரே ஒரு விண்ணப்பம் வந்தால் துறை பிழைக்கும். இல்லையென்றால் மூடிவிடுவார்கள்.

சுவரில் இருப்பதைச் சுரண்டிப் போடாமல் அதற்கு ஒரு படிப்பா என்று எங்கள் பிரிவில் கேலி பேசுவோம். நானும் சிரித்திருக்கிறேன். காதில் விழுந்தாலும் அம்மா கண்டுகொள்ள மாட்டார்.

இன்று அவர் உட்காரக்கூட இல்லை. கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியை விரலால் உருட்டியபடி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். யாராவது உள்ளே வந்தால் முகம் மலரும். அவர்கள் கணினி வரிசையில் போய் நின்றதும் வாடிவிடும்.



ஐந்து மணி ஆனது. பதிவேட்டில் அந்தப் படிப்புக்கு நேராக 'இல்லை' என்று எழுதி முத்திரை குத்தினேன்.

"பரவால்ல சார், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். பூதக்கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

கைப்பேசி அடித்தது. மகள்.

முந்தாநாள் வரை ஒரு மாதமாக வீட்டில் அவளோடு பேச்சுவார்த்தை இல்லை. அதைப் படித்து என்ன கிழிக்கப் போகிறாய் என்று கத்தியவன் நான். நாளைக்கு அவள் வேலையில்லாமல் நிற்பதை என்னால் பார்க்க முடியாது. நேற்றுதான் இறங்கி வந்தவன்போல, நீ எதற்கு வரிசையில் நிற்க வேண்டும், நானே கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அந்த ஒண்ணு நான்தான்னு மேடத்துக்குத் தெரிஞ்சிருச்சாப்பா? சந்தோஷப்பட்டாங்களா?"

"ம்" என்றேன்.

சாப்பாட்டுப் பையை எடுத்தேன். காலி டப்பாவுக்கு அடியில் அவள் விண்ணப்பம் மடித்தபடியே இருந்தது.