பயந்தாங்கொள்ளிக்கு முடிவெட்டு

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு வேடிக்கை சொல்கிறேன்.

அடர்ந்த ரோமக்கார நாய்க்கு முடிவெட்ட வந்தவரிடம் வீட்டம்மா கெஞ்சினாள். "மெஷின் சத்தம் கேட்டாலே இதுக்கு உதறல். ஆனா சிக்கு விழுந்து தோலெல்லாம் புண்ணு. இன்னிக்கே வெட்டியாகணும்."

"தலையைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்கம்மா."

மெஷின் உறுமியது. கொத்துக்கொத்தாக முடி விழுந்தது. முனகல் கேட்டது.

"பார்த்தியா ராசா, வலிக்கவே இல்ல," என்று கொஞ்சினாள்.

வந்தவர் மெஷினை அணைத்துவிட்டு, கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்த நாயைக் குனிந்து பார்த்தார். "வெளிய வாடா. ஐயாவுக்கே மொட்டை அடிச்சாச்சு. அவருக்கு ஏதாவது ஆச்சா, சொல்லு?"

நாய் மெல்ல வந்து, முக்காலியிலிருந்து குனிந்த அவள் கணவனின் மொட்டைத் தலையை மோந்து பார்த்தது. பிறகு வீட்டம்மாவின் நீளப் பின்னலையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டது.

கணவன் முக்காலியைத் துடைத்து வைத்தான். "உட்காருடி. அதுக்கு இன்னும் நம்பிக்கை வரல."

உங்கள் வீட்டில் நாயும் சுகமாய், பின்னலும் நீளமாய் இருக்கட்டும்.