மேடைக்குக் கீழே ஒரு எண்

மேடைக்குக் கீழே வைத்திருந்த சின்னத் திரையில் இருநூறு என்று எரிந்தது. அதைப் பார்த்ததும் கணக்கக்காவுக்கு வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது. இருநூறு பேர் தன் பேச்சைக் கேட்க வருவார்கள் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

கணக்கக்கா என்பது ஆபீசில் வைத்த பெயர். யார் எந்த எண்ணைக் கொண்டுவந்து காட்டினாலும் "இது எதோட கணக்கு?" என்று கேட்காமல் விடமாட்டாள். வாடிக்கையாளர்களைப் பற்றிய தகவல்களைத் தோண்டித் துருவி, யார் யார் கம்பெனியை விட்டுப் போகப்போகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்வது அவள் வேலை. அதற்குப் பயன்படும் மென்பொருளை வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் கூடும் மாநாடு இது.

மைக் மாட்டிவிட்டவர், "டீ இடைவேளை இன்னும் முடியல மேடம். ஆனா நேரமாச்சு, நீங்க ஆரம்பிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொண்டார். விளக்கு வெளிச்சம் முகத்தில் அடித்ததில் முன்வரிசைகூடத் தெரியவில்லை. நல்லவேளை, எண் இருந்தது. அரங்கின் கதவுக்கு மேலும் இதே மாதிரி ஒரு எண் ஓடுவதைக் காலையிலேயே பார்த்திருந்தாள். நல்ல ஏற்பாடுதான்.

"வணக்கம்" என்றாள். இருநூறு பேரில் ஒருவர்கூடத் திருப்பிச் சொல்லவில்லை. இந்த மென்பொருள்காரர்களே இப்படித்தான், போனிலிருந்து தலையைத் தூக்கமாட்டார்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு முதல் படத்தைப் போட்டாள்.

அதில் கொட்டை எழுத்தில் இருந்தது அவளை மாதக்கணக்கில் உறுத்திக்கொண்டிருந்த சங்கதி. பத்துக்கு ஒன்பது பேரைச் சரியாகக் கணித்தோம் என்றது படம். விடைத்தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்த கதைதான் அது. ஏற்கெனவே விட்டுப் போனவர்களின் விவரத்தை முழுக்க ஊட்டிவிட்டு, அவர்களைப் பற்றியே கேட்டால் எந்த மென்பொருளும் சரியாகத்தான் சொல்லும்.

மேனேஜரிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். இந்த ஒன்பதை நம்பி நாலு கம்பெனி இதே வழியில் இறங்கினால் பாவம் இல்லையா என்றும் கேட்டாள். அவர் அசையவில்லை. "டீம் லீடர் ஆகணுமா வேணாமா? சிரிச்ச முகமா அதைச் சொல்லிட்டு இறங்கு. நான் டீ குடிச்சிட்டு வந்து முன்னாடி உட்கார்றேன்" என்று சொல்லிவிட்டார்.

நாக்கு கூசக் கூச அந்த ஒன்பதைச் சொன்னாள். கீழே சின்னத் திரையைப் பார்த்தாள். நூற்று எழுபது.

கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு மறுபடியும் கேட்டது. எண் நூற்று முப்பதுக்கு இறங்கியது. அவசரமாக ஒரு ஜோக்கை எடுத்துவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. எண் இன்னும் பத்து குறைந்தது.

வீட்டில் கணவரை உட்காரவைத்துப் பல தடவை ஒத்திகை பார்த்த பேச்சு இது. அவரும் கடைசியில் "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து போனவர்தான். அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும்.

குரலை உயர்த்தினாள். நாலு படங்களைத் தாண்டிக் குதித்தாள். நாற்காலிகள் இழுபடுகிற சத்தமும் செருப்புச் சத்தமும் ஓயவே இல்லை. எழுந்து போகிறவர்கள் கொஞ்சம் மெதுவாகவாவது போகக்கூடாதா என்று எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. நாற்பது, இருபது, ஐந்து என்று விழுந்துகொண்டே போன எண் ஒன்றில் வந்து நின்றது.

அந்த ஒன்று மேனேஜராகத்தான் இருக்கும். உட்கார்ந்தே தீர வேண்டியவர் அவர் ஒருவர்தானே. எரிச்சலை விழுங்கிக்கொண்டு அவருக்காகவே பேசினாள். கதவு இன்னொரு தடவை திறந்து மூடியது. திரையில் பூஜ்யம்.

அவரும் போய்விட்டார்.

கணக்கக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையிலிருந்த ரிமோட்டை மேஜையில் போட்டாள்.

"இனிமே யாருக்கு நடிக்கணும்? அந்த ஒன்பது சுத்தப் பொய். புது ஆளுங்களை வெச்சுப் பார்த்தா பாதிகூடத் தேறாது. சொல்லச் சொன்னது என் மேனேஜர்."

தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. பழைய விவரத்தை வைத்தே பரீட்சை நடந்ததையும், தப்பு என்று சொன்னபோதெல்லாம் மேனேஜர் வாயை அடைத்ததையும், பதவிக்கு ஆசைப்பட்டுத் தானும் மேடை ஏறிவிட்டதையும் இருட்டைப் பார்த்துக் கொட்டித் தீர்த்தாள். நல்ல முடிவுகளை மட்டும் பொறுக்கி எடுத்து அடுக்கிய படங்களை ஒவ்வொன்றாகப் போட்டு, எதில் என்ன தில்லுமுல்லு என்றும் சொன்னாள். ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. காலி அரங்காக இருந்தாலும், உண்மையைச் சத்தமாகச் சொன்னதில் நெஞ்சு லேசாகிவிட்டது.

ஓரத்தில் நின்ற, மைக் மாட்டிவிட்டவரைக் கூப்பிட்டு, யாருமில்லாத இடத்தில் எதற்கு இத்தனை விளக்கு, அணைத்துவிட்டு நீங்களும் டீ குடிக்கப் போங்கள் என்றாள்.

அவர் நகரவில்லை. ஒரு தடவை இருட்டைப் பார்த்தார், ஒரு தடவை அந்தச் சின்னத் திரையைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி மேடை ஏறி வந்து, அவள் சட்டையில் குத்தியிருந்த மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மெல்லச் சொன்னார்.

"மேடம், அது காலி நாற்காலியோட கணக்கு."