ஒன்பதாவது பாட்டின் மீதி

"'எட்டுப் பாட்டு அருமை. மூன்றாவது பாட்டு பொய். ஒன்பதாவது பாட்டு பாதியில் நிற்கிறது.' இந்த விமர்சனம் நீங்க எழுதினதுதானே, கோங்?"

ஷான்போர் செல்போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினான். அக்கா என்கிற மரியாதைக்குக் 'கோங்' போட்டானே தவிர, குரலில் அது இல்லை.

கோங் தெய்லின் பன்றிக்கறிச் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டே ஏறிட்டாள். ஷில்லாங்கில் 'கறுப்புக் குடை' ராக் குழு எங்கே வாசித்தாலும் முதல் வரிசையில் நிற்பவள் அவள். பன்னிரண்டு வருஷமாக. அந்தக் குழுவின் பாடகன்தான் இப்போது அவள் சோற்றுக்கடையில் நின்று கத்திக்கொண்டிருக்கிறான்.

"நான்தான். கண்ணாடி போட்டு, பிழை பார்த்துத்தான் எழுதினேன். சாப்பிடறியா?"

"சாப்பிட வரலை. புது ஆல்பத்தை ஊரே தலையில தூக்கி வச்சு ஆடுது. நீங்க மட்டும்..."

"ஊர் ஆடும். போன மாசம் எதிர்க்கடைக்காரன் புதுசா பெயின்ட் அடிச்சதுக்கும் ஆடிச்சு."

பின்னால் நின்ற டிரம்மர் கிட்பொக் சிரித்துவிட்டான். ஷான்போர் திரும்பி முறைத்தான்.

"மூணாவது பாட்டு என் சொந்தக் கதை, கோங். நாலு வயசுல என்னை ஹாஸ்டல் ஜீப்புல ஏத்திவிட்டு, ஒரு வார்த்தை பேசாமப் போனா என்னைப் பெத்தவ. அதைப் பொய்ங்கறீங்க. நீங்க என்ன, கூட நின்னு பார்த்தீங்களா?"

பாக்கை எடுத்து வெட்டப்போனவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு வெட்டியது.

"அதை விடு. ஒன்பதாவதுல வார்த்தையே இல்லாம ஒரு மெட்டு வருதே, யார் போட்டது?"

"நான்தான். நினைவு தெரிஞ்ச நாளா மண்டைக்குள்ள ஓடுது."

"பாதிதான் ஓடுது. மீதியைக் கேளு."

வெற்றிலைப் பாக்கை அவன் கையில் திணித்தாள். உள்ளங்கையை வாயருகே குவித்துப் பாடினாள். அவன் நிறுத்திய இடத்தில் மெட்டு நிற்கவில்லை. ஏறியது. நீண்டது. ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் இறங்கியது.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். கிட்பொக்கின் விரல்கள் மேஜையில் தாளம் தேடின. ஷான்போருக்கு எரிச்சல் இன்னும் ஏறியது.

"சனிக்கிழமை மைதானத்துல இப்படிப் பாடு," என்றாள். "ஜனங்க திருப்பிப் பாடலைன்னா, உங்களைப் பத்தி இனி ஒரு வரி எழுத மாட்டேன்."

"நிஜமா?"

"சர்ச்சுல பாடற வாய். பொய் சொல்லாது."

அந்த ஒரு வாக்குக்காகவே ஒப்புக்கொண்டான்.

சனிக்கிழமை மத்தியானம் நல்ல மழை. மைதானம் முழுக்கக் குடை. மூன்றாவது பாட்டுக்கு வழக்கமான விசில் கிடைத்தது. ஒன்பதாவது பாட்டில், நிறுத்தும் இடத்தில் நிறுத்தாமல், ஷான்போர் மீதியையும் பாடினான்.

முதலில் ஒரே அமைதி. 'தொலைந்தாள் கோங்' என்று நினைத்தான்.

அப்புறம் கிளம்பியது. நாலாயிரம் தொண்டை. குடைகளை மடக்கிவிட்டு, நனைந்துகொண்டே அந்த மெட்டைத் திருப்பிப் பாடினார்கள். ஒரு முறை அல்ல, மூன்று முறை. பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் குழு கேட்டிராத சத்தம். கிட்பொக் குச்சியையே தவறவிட்டான்.

ஷான்போர் மேடையிலிருந்து குதித்து முதல் வரிசைக்கு ஓடினான்.

"தோத்துட்டேன், கோங்! இனி தாராளமாத் திட்டி எழுதுங்க. யார் போட்ட மெட்டு இது?"

"உங்க அம்மா."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது.

"நீயும் நானும் பிறந்த மலையூர்ல பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். பிள்ளை பிறந்ததும் தாய் ஒரு மெட்டுப் போடுவா, அதான் அதுக்குப் பேர். ஒருத்தன் மெட்டு இன்னொருத்தனுக்குக் கிடையாது. வீட்டுக்குள்ள கூப்பிட அதுல ஒரு சின்னத் துண்டு. காட்டுக்குப் போனவனைக் கூப்பிட முழு மெட்டு. நாலு வயசுப் பிள்ளை எங்க தூரமாப் போவான்? அதான் உனக்குத் துண்டு மட்டும் ஞாபகம். ஹாஸ்டல்ல உன் பேரை மாத்திட்டாங்க. அந்தத் துண்டைக் கேட்டப்புறம்தான் நீ யாருன்னே எனக்குத் தெரிஞ்சுது."

"அன்னைக்கே கடையில சொல்லியிருக்கலாமே..."

"சோத்துக்கடைக்காரி கதை கட்டறான்னு சொல்லியிருப்ப."

அவள் முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"உங்க அம்மாவுக்குக் காசநோய். உனக்கு ஒட்டிடக் கூடாதுன்னு அனுப்பினா. ஜீப் கிளம்பினதும் முழு மெட்டையும் பாடினா. வளைவு தாண்டியும் பாடிக்கிட்டே இருந்தா. கூப்பிட்டா பதில் குரல் கொடுக்கணும், அதான் எங்க வழக்கம். இன்ஜின் சத்தத்துல உனக்குக் கேக்கலை. ஆனா அவ இருட்டற வரைக்கும் நின்னா. கூடவே நானும் நின்னேன்டா. அடுத்த மழைக்கு அவ இல்லை."

கூட்டம் நாலாவது முறையாக ஆரம்பித்துவிட்டது. யார் பேரைக் கூப்பிடுகிறோம் என்று அந்த நாலாயிரம் பேரில் ஒருவருக்கும் தெரியாது.

ஷான்போர் மேடையேறி இரண்டு கையையும் தூக்கினான். யாரும் நிறுத்தவில்லை. மைக்கைப் பிடித்துக் கெஞ்சினான்.

"நிறுத்துங்கப்பா... ஒரே ஒரு நிமிஷம். நான் பதில் குரல் கொடுக்கணும்."