வியாழக்கிழமைக்கான ரத்தம்

வாசலில் தங்கை கோமளா ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தை என் கையில் திணித்தாள். "வியாழக்கிழமை வரைக்கும் நல்லா தின்னுக்கா. உன் ரத்தந்தான் எனக்கு." எளிதில் கிடைக்காத அரிய வகை ரத்தம்; குடும்பத்தில் எங்கள் இருவருக்கும்தான் இருந்தது.

கர்ப்பமாக இருந்த கோமளாவுக்கு, முந்தைய சிசேரியனின் பழைய தையலில் நஞ்சுக்கொடி வேரோடியிருந்தது. திங்களன்று ரத்தத்தைத் தயாராக வைத்துக்கொண்டு, குழந்தையோடு கர்ப்பப்பையையும் எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"திங்கக்கிழமை அஷ்டமி. வியாழன் பூசம், புள்ளைக்கு நல்லது" என்றார் அவள் மாமியார்.

"உங்க பஞ்சாங்கமா அத்தை அவளுக்கு ரத்தம் குடுக்கப் போகுது?" என்று கேட்டேன்.

"அபசகுனமாப் பேசாத. நீ வியாழக்கிழமை வந்தாப் போதும்." கோமளாவின் கணவர் தன் அம்மாவுக்குத் தலையாட்டினார். நான் ஊருக்குத் திரும்பினேன்.

செவ்வாய் மதியம், சாப்பிட்டுக்கொண்டிருந்த கோமளாவுக்கு உதிரம் கொட்டத் தொடங்கியது. அதே கர்ப்பப்பையை அவசர அவசரமாக எடுத்தார்கள். ஏற்றுவதற்கு ரத்தம் இல்லை. செய்தி கேட்டுக் கிளம்பிய நான் பேருந்தில் பாதி வழியில் இருந்தேன்.

குழந்தை பிழைத்தது. கோமளா பிழைக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மாமியார் போனில் ஜோசியரிடம், "செவ்வா மத்தியானம் என்ன நட்சத்திரம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவளுக்கென்று வைத்திருந்த ரத்தம் இன்றும் என் உடம்பில்தான் ஓடுகிறது.